நர்சிங், பாராமெடிக்கல் சேரப் போகிறவர்களுக்கு: பண வேலையை ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்குங்கள்

பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங், பிசியோதெரபி, டயாலிசிஸ், லேப் டெக்னாலஜி என்று யோசிக்கும் பிள்ளைகள் எங்கள் சேலம் சிவதாபுரம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். என்னிடம் விவரம் கேட்க வருபவர்கள் முதலில் கேட்பது, "சேர்ந்துட்டா ஸ்காலர்ஷிப் வந்துடும்ல அக்கா?" என்பதுதான். எந்த வழியில் சேருகிறோம் என்பதிலேயே பாதி உதவித்தொகை முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி, சேரும் நாளில் கையில் என்னென்ன சான்றிதழ்கள் இருக்கின்றன என்பதில் முடிவாகிறது. அப்பா கொலுசுப் பட்டறையில் கூலி வேலை செய்ய, நான் கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து படித்தேன். நான் கண்ட வரையில் எழுதுகிறேன்.

முதலில் சீட்டு. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்தும் கவுன்சிலிங்கில் நிரப்பப்படுகின்றன. நர்சிங்குக்கும் பாராமெடிக்கல் படிப்புகளுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி சலுகை இப்படிக் கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்ந்தவருக்கு அது கிடையாது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது. ஜூன் மாதத்தில் வீடு தேடி வரும் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள். "ஸ்காலர்ஷிப்லயே படிச்சிடலாம்மா, இப்போ அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க" என்பார்கள். அட்வான்ஸ் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எந்தக் கோட்டா? படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா அல்லது வேறு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டமா? நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தையும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் உதவித்தொகையும் கிடைக்காது, கவுன்சிலில் பதிவும் செய்ய முடியாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் நீட் எழுதியிருந்தால், 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஹோமியோபதி போன்ற படிப்புகளுக்கு இது உண்டு. அந்த இடம் தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நீட் பக்கம் போகாவிட்டாலும், அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கின்றன. மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதம் எல்லாம் இங்கேதான். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுகிறோம். அது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகிறது. வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், அதனால் மே மாதம் வாங்குவது நல்லது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். தினக்கூலி வாங்குகிற அப்பாவிடம் "மாசம் எவ்வளவு?" என்று கேட்டால் நல்ல மாதக் கூலியைத்தான் சொல்லுவார். பட்டறையில் வேலை இல்லாத மாதங்களும் உண்டு என்பதை வி.ஏ.ஓ.விடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கூடப் போய் நில்லுங்கள்.

ஏற்காடு, கருமந்துறை பக்கத்து மலையாளி சமூகப் பிள்ளைகள் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடக்கும், அப்பா அல்லது உறவினரின் பழைய சான்றைக் கேட்பார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சிலிங் தேதி வந்த பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

அடுத்தது பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மூன்றையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மாற்ற வேண்டியதை விடுமுறையிலேயே மாற்றுங்கள்.

வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதாரோடு சீடிங் (அரசுப் பணம் வருவதற்கான இணைப்பு) ஆகியிருக்க வேண்டும். உதவித்தொகை நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராது, கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அங்கே போகும். பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கு முடங்கிக் கிடக்க, பணம் அங்கே போய்த் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று இருக்கிறது, எந்த வங்கி என்று காட்டும். சரியில்லை என்றால் தபால் நிலையத்தில் அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்குவது எளிது.

கல்லூரியில் சேர்ந்ததும் யூமிஸ் (கல்லூரி மாணவர் அடையாள) எண் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல இது. மாநில அரசின் உதவித்தொகை எல்லாம் இதை வைத்துத்தான் நகர்கிறது. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு விவரம் ஏற்றியாகிவிட்டதா என்று ஒவ்வொரு வருடமும் ஆபீசில் போய்க் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

மதிப்பெண் நன்றாக இருந்தால் தேசிய உதவித்தொகை தளத்தில் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. போர்டு தேர்வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். முதல் மூன்று ஆண்டு, வருடத்துக்கு 12,000 ரூபாய். ஆனால் வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது, எது அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தங்குமிடச் செலவை மறந்துவிடாதீர்கள். நர்சிங்கில் கிளினிக்கல் போஸ்டிங் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) தொடங்கினால் மலையிலிருந்து தினமும் வந்து போவது நடக்காது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியும் ஆதிதிராவிடர் நல விடுதியும் (2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள்) சேலத்தில் இருக்கின்றன, உணவும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாணவிகளுக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் பற்றாவிட்டால்தான் கல்விக் கடன். 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து அந்த நகலோடு வங்கிக்குப் போங்கள். வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே அதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பலரும் தொடாத ஒன்று, அப்பா அம்மாவின் நலவாரிய அட்டை. சேலத்தில் கொலுசு வேலை, விசைத்தறி, கட்டட வேலை, தையல் என்று ஏதோ ஒன்றில் இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம். இந்தத் தொழில்களுக்கு எல்லாம் வாரியம் உண்டு, பதிவு செய்தவரின் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புக்கும் தொழிற்கல்விக்கும் கல்வி உதவி தருகிறார்கள். விடுதியில் தங்கிப் படித்தால் தொகை கூடும். அட்டை புதுப்பிக்காமல் காலாவதியாகியிருந்தால் விண்ணப்பம் செல்லாது. இன்றைக்கு வீட்டில் அந்த அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் தொழிலாளர் நல அலுவலகத்தில் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.