பில் வந்துவிடும், அறிக்கை வராது

அமைச்சர் ஒருவர் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பினால் பின்னாலேயே பில்கள் வந்துவிடும். விமான டிக்கெட், ஓட்டல், வாடகைக் கார், மொழிபெயர்ப்பாளர் கட்டணம், உடன் சென்றவர்களின் தினப்படி. அரசுப் பணியில் பல ஆண்டுகள் இந்தக் கோப்புகளைக் கையாண்டிருக்கிறேன். ஒரு கார் கூடுதலாக இரண்டு மணி நேரம் காத்திருந்ததற்குக்கூடத் தணிக்கையில் விளக்கம் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், மக்கள் பணம். ஆனால் அங்கே நடந்த பேச்சில் யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாள் கோப்பில் இருக்கிறதா என்று எந்தத் தணிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை.

செலவு ஏறும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். தேதி கடைசி நேரத்தில்தான் உறுதியாகும், அதற்குள் டிக்கெட் விலை எங்கோ போயிருக்கும். குழுப் பட்டியலும் நாளுக்கு நாள் நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘பயணத்தில் இவருடைய வேலை’ என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொன்ன மேலதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தேன். நிரப்ப முடியாத பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். அவர் மாற்றலாகிப் போனதும் அந்தக் கட்டமும் போய்விட்டது.

பயணமே வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டில் வேலை செய்த தொழிலாளர்களின் சம்பள பாக்கிக்காகத் தூதரகம் வழியாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதே பதில். அமைச்சர் நேரில் போய் உட்கார்ந்து பேசியபோது, அந்நாட்டு அமைச்சர் தன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்து, “இது ஏன் என் மேசைக்கு வரவில்லை?” என்று கேட்டார். அதன் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அதே கூட்டத்தில் பேசிய கூட்டுக்குழு மட்டும் அமையவே இல்லை. யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. அடுத்து வந்த செயலருக்கு அப்படியொரு பேச்சு நடந்ததே தெரியாது.

1871 டிசம்பரில் இவகுரா தோமோமி தலைமையில் ஜப்பானின் ஆட்சியாளர்கள் பலர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்டார்கள். இவகுரா 1873 செப்டம்பரில்தான் நாடு திரும்பினார். மேற்கத்திய நாடுகள் ஜப்பான்மேல் திணித்திருந்த சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்தும் முயற்சி கைகூடவில்லை. ஆனால் உடன் சென்ற குமே குனிதாகே, அங்கே பார்த்த தொழிற்சாலைகளையும் பள்ளிகளையும் ரயில்பாதைகளையும் பற்றி விரிவாக எழுத, 1878இல் அது ஐந்து தொகுதிகளாக வெளியானது. போகாதவர்களும் அந்தப் பயணத்தின் பயனைப் பெற்றார்கள்.

கனடாவில் அமைச்சரின் பயணச் செலவை, நோக்கத்தோடும் சென்ற இடங்களோடும் சேர்த்து, பணம் வழங்கப்பட்ட மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் நோக்கம் என்ற இடத்தில் ‘இருதரப்புப் பேச்சு’ என்று எழுதிவிட்டால், அந்தப் பேச்சில் என்ன முடிவானது என்பது வெளியே தெரியாது. அதனால் நான் கேட்பது இன்னொரு தாள்: பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, ஒப்புக்கொண்டவற்றில் எது நடந்தது, எது நிற்கிறது, எந்த அதிகாரியிடம் நிற்கிறது என்று துறை எழுதி வெளியிட வேண்டும். அந்தத் தாள் வராத துறைக்கு அடுத்த பயணத்தின் முன்பணத்தை நிதிப் பிரிவு விடுவிக்கக் கூடாது.