குளத்துக்கு முன்னால் வேலி: சிட்னி நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2024, சனி

கொல்லையில் காற்றடைக்கும் குளத்தை விரித்துத் தண்ணீர் விட்டோம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கும் வேலி போடணும், தெரியுமா?" என்றார். நம்பவில்லை. இரவு உட்கார்ந்து படித்தேன், அவர் சொன்னது சரிதான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளம் எதுவானாலும், 1992ஆம் ஆண்டு நீச்சல்குளச் சட்டப்படி அது நீச்சல்குளம்தான், வேலி வேண்டும். மகளுக்கு இரண்டு வயது. காலையில் அவளை நிறுத்தி அளந்தேன். 30 செ.மீ. அவள் முழங்காலுக்கும் மேலே வருகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மடித்து வைத்தாயிற்று.

அக்டோபர் 26, சனி

முறையாகவே ஒரு சிறு குளம் கட்டுவதென்று முடிவு. கவுன்சிலில், அதாவது இங்குள்ள நகராட்சியில், விண்ணப்பிக்கலாம், இல்லை கட்டுமானத்துக்கு அனுமதி தந்து சோதிக்கும் உரிமம் பெற்ற தனியார் சர்ட்டிஃபையர் வழியாகப் போகலாம். நாங்கள் இரண்டாவது வழி. 40,000 லிட்டருக்குக் குறைவு என்பதால் தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்கான பேசிக்ஸ் சான்றிதழ் வேண்டாம்.

இவருக்கு ஸ்பா தொட்டி மேல் ஆசை. அதற்குப் பூட்டக்கூடிய மூடி இருந்தால் வேலி தேவையில்லையாம். ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது நினைவாக மூடிப் பூட்ட வேண்டும். எனக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 30, சனி

அனுமதி வந்தது. தோண்ட ஆரம்பித்தாயிற்று.

பிப்ரவரி 14, 2025, வெள்ளி

சர்ட்டிஃபையர் வந்தார். தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை, நேராக வேலிக்குப் போனார். உயரம் 1.2 மீட்டர், அடியில் இடைவெளி 10 செ.மீ.க்குள், தாழ்ப்பாள் ஒன்றரை மீட்டரில். எல்லாம் சரி. அப்புறம் கேட்டை ஒரு விரல்கடை மட்டும் திறந்து கையை எடுத்தார். அது மெதுவாக வந்து தாழ்ப்பாளில் சாய்ந்து நின்றது. "கிளிக்" சத்தம் வரவில்லை. எந்த நிலையில் விட்டாலும் தானே பூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

வேலிக்கு வெளியே என் கறிவேப்பிலைத் தொட்டியையும் காட்டினார். வேலியிலிருந்து 90 செ.மீ.க்குள் பிள்ளைகள் ஏறி நிற்க எதுவும் இருக்கக்கூடாது. அந்தத் தொட்டி மேல் அவள் ஏறுவதை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! வயிறு கலங்கியது.

பிப்ரவரி 21, வெள்ளி

கீலின் ஸ்பிரிங்கை முறுக்கினார்கள். இன்று மறுபடி சோதனை, விரல்கடையிலிருந்தும் கிளிக். குளத்தை மாநில நீச்சல்குளப் பதிவேட்டிலும் ஏற்றியாயிற்று. முதலுதவிப் பலகையை மாட்டும்போது முழுதும் படித்தேன், இவரையும் படிக்க வைத்தேன்.

சாயங்காலம் மகள் கேட்டைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா, தண்ணி" என்றாள். அப்பா வரட்டும், மூணு பேருமா இறங்கலாம் என்றேன்.