பொதுக் கொட்டகையில் கிரைண்டரும் ரெசினும் கையாள அனுமதி பெற்ற அனுபவம்

பாம்பனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் விரிசல் கண்டால், வெளியூர் மேஸ்திரி வந்து சேரும்வரை படகு மணலில் கிடக்கும். அத்தனை நாளும் அண்ணனுக்குத் தொழில் இருக்காது. ஊரில் சில படகுக்காரர்கள் சேர்ந்து வடகடல் கரையோரம் ஒரு கொட்டகை போட்டு, கிரைண்டர், வெல்டிங் செட், நின்று துளைபோடும் டிரில், மரம் அறுக்கும் வட்ட ரம்பம், ஃபைபர் ஒட்டும் பசையான ரெசினைக் கலக்கும் மேசை ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தபோது, அந்த வேலையை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பெண் என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுமதி பெற்று, பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் அதைத் தொடலாம் என்ற விதி, பல ஆண்டுகள் படகு கட்டியவர்களுக்கும் எனக்கும் ஒன்றாகவே இருந்தது.

அந்த விதியின் காரணத்தை நான் கொட்டகையில் நின்று பார்த்துத்தான் முழுமையாக உணர்ந்தேன். சொந்தக் கருவி என்றால் நேற்று அதை என்ன செய்தோம் என்பது நமக்குத் தெரியும். பொதுக் கருவியில் அது தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில், ஒரே கிரைண்டர் காலையில் ஒருவர் கையிலும் நண்பகலில் இன்னொருவர் கையிலும் இருக்கும். ஒருவர் இரும்பு அறுத்திருப்பார், அடுத்தவர் ஃபைபர் தேய்க்க எடுப்பார். முந்தையவர் எந்த வீலை (கிரைண்டரில் சுழலும் தட்டை) மாட்டினார், எதைக் கழற்றினார், வயரை எங்கே இழுத்தார் என்பதை அறியாமல் சுவிட்சைப் போடுவதே பொதுக் கொட்டகையின் முதல் ஆபத்து. அனுமதி கொடுக்கும் முறை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைக்கப்பட்டிருந்தது.

முதலில் பார்வையாளராக ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அடுத்து, கருவியை ஓட்டாமல், அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். பிறகு கொட்டகை மேஸ்திரியின் கண் முன்னால் வேலை செய்ய வேண்டும். அவருக்கு நிறைவு வந்தால் பதிவேட்டில் அந்தக் கருவியின் பெயருக்கு நேரே கையெழுத்திடுவார். இந்த மூன்றில் அதிக நாள் பிடித்தது இரண்டாவதுதான். கருவியை ஓட்டக் கற்பதைவிட, ஓட்டக் கூடாத கருவியை அடையாளம் காணக் கற்பதற்கு அவர் அதிகம் உழைத்தார் என்பதை மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன்.

கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "தங்கச்சி, இதுல இருக்குற வீலை யாரு மாட்டுனது?"

"தெரியலண்ணே."

"தெரியலன்னா, பிளக்கைப் புடுங்கி, கழட்டிப் பாத்துட்டுத்தான் தொடணும்."

எங்கள் கொட்டகையிலிருக்கும் 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுகிறது. ஆகவே வீலின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச வேகம், கிரைண்டரின் தகட்டில் எழுதியிருக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. பெரிய 7 அங்குல வீல்களில் பெரும்பாலும் 8,500 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஆழமாக அறுக்க வேண்டுமென்று, வீலை மறைக்கும் காப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டு அதைச் சிறிய கிரைண்டரில் வாஷர் வைத்து மாட்டினால், அது தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிச் சுற்றித் துண்டு துண்டாகச் சிதறக்கூடும். மரம் அறுக்கும் பல்வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் அதே அளவு ஆபத்தானது, ஏனெனில் பல் மரத்தில் மாட்டிய கணத்தில் கருவி கையை மீறி உடலை நோக்கித் துள்ளும்.

வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் பல நிறுவனங்கள் காலாவதி மாதத்தையும் ஆண்டையும் பொறித்திருக்கின்றன என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது. ஈரம் ஏறினால், அரைக்கும் மணிகளைப் பிணைத்திருக்கும் பசை வலுவிழக்கும். உப்புக் காற்றும் ஈரமும் ஓயாத எங்கள் கரையில், திறந்த அலமாரியில் கிடந்த வீலைத் தேதி பார்க்காமல் மாட்டுவது சரியல்ல. அதனால் வீல்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. கீழே விழுந்த வீல், கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும், உடைத்துப் போடப்படுகிறது. அறுக்கும் மெல்லிய வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதற்கும் தடை உண்டு. வீல் மாற்றியவுடன், வேலைக்குப் போவதற்கு முன், ஆளில்லாத பக்கம் காட்டி ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும். சுற்றும் வீலின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

கார்டு இல்லாத கிரைண்டர் பழுதான கிரைண்டராகவே கணக்கில் வரும். படகின் உட்புறக் கட்டைகளுக்கு இடையே கார்டு தட்டுகிறது என்று அதைக் கழற்றுவதே வழக்கம். அந்த வழக்கத்தை நிறுத்த, அப்படிப்பட்ட மூலைகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் கையால் தேய்க்க வேண்டும் என்று கொட்டகையில் முடிவு செய்தார்கள். நேரம் கூடுதலாகும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

சுவிட்சைப் பற்றி ஒரு செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பும் ஃபைபர் தூளும் ஏறினால், தள்ளிப் போடும் சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே இறுகிவிடும். வேலைக்கு நடுவே கரண்ட் போனால் கிரைண்டர் நிற்கும். அதை அப்படியே மணலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், கரண்ட் திரும்பியதும் அது தானாகவே சுற்றித் தரையில் ஓடும், பக்கத்தில் குழந்தைகள் இருக்கலாம். எனவே கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. கொட்டகையின் மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தியிருக்கிறார்கள். அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்த பிறகே அன்றைய வேலை தொடங்கும். ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்து பழகிய ஊரில் அந்தப் பொத்தான் உயிர் காக்கும் பொத்தான்.

ரெசின் மேசைக்கான அனுமதி இதைவிடக் கடினமாக இருந்தது. அங்கே சத்தமும் தீப்பொறியும் இல்லாததால் பலரும் அதை ஆபத்தில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். ஃபைபர் ஒட்ட மூன்று பொருள் வேண்டும்: பாலியெஸ்டர் ரெசின், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் எனப்படும் ஆக்ஸிலரேட்டர், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் என்பது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஆகவே கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் கொட்டகையின் எதிரெதிர் மூலைகளில், வெவ்வேறு அலமாரியில் இருக்கின்றன; அளக்கும் பாத்திரங்களும் தனித்தனி நிறம். துருப்பிடித்த தகரத்தில் கேட்டலிஸ்ட்டை ஊற்றுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது, துரு பட்டால் அது சிதைந்து சூடாகும் என்பதால். அதை அசிட்டோனில் கரைக்கவும் கூடாது.

தண்ணீர் பாட்டிலில் கேட்டலிஸ்ட்டை ஊற்றி வைக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. அது பார்ப்பதற்கு நிறமற்ற தண்ணீர் போலவே இருக்கும். பெயரும் ஊற்றிய தேதியும் ஒட்டப்படாத எந்தப் பாட்டிலையும் யார் கண்டாலும் உடனே மேஸ்திரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை மற்ற எல்லா விதிகளுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

ஒரு கிலோ ரெசினுக்குச் சாதாரணமாக 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் போதும். வெயில் ஏற ஏறக் குறைந்த அளவை நோக்கி வர வேண்டும், இல்லையென்றால் மேட் எனப்படும் ஃபைபர் விரிப்பின் மேல் தடவுவதற்குள் பாத்திரத்திலேயே இறுகிவிடும். மீந்த ரெசினை வாளியின் ஆழத்தில் அப்படியே விட்டால் அது தன் வெப்பத்தாலேயே புகையத் தொடங்கும், தீயும் பிடிக்கலாம். எனவே மீந்ததை வெளியே மணல் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுகிறோம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் வயிற்றுக்குள் இறங்கித் தங்கும். ஒரு தீப்பொறி பட்டாலே அது தீப்பற்றத் தேவையான வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ் என்பதை எண்ணிப் பார்த்தால், சித்திரை, வைகாசிப் பகலில் எங்கள் ஊரில் நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. கை கழுவவும் ரோலர் கழுவவும் வைத்திருக்கும் அசிட்டோனோ பூச்சியம் டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியைத் தரக்கூடியது. இந்தக் காரணத்தால்தான் கிரைண்டரும் வெல்டிங்கும் நடக்கும் பக்கம் ரெசின் வேலை நடக்கக் கூடாது. கச்சான் காற்று வலுத்து வீசும் ஆனி, ஆடியில் தீப்பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

முகக்கவசத்திலும் நான் புதிதாகக் கற்றது உண்டு. ஃபைபர் தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு என்95 போதும்; ஸ்டைரீன் ஆவியை அது நிறுத்தாது. அதற்குக் கரிம ஆவி உறிஞ்சும் கேட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் வேண்டும், கேட்ரிட்ஜையும் காலம் பார்த்து மாற்ற வேண்டும். என்95 அணிந்துகொண்டு படகுக்குள் படுத்து ரெசின் தடவுபவர்கள், பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டு மயக்கத்தை நோக்கிப் போகிறார்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனடியாக, குறைந்தது 15 நிமிடம், இமையை விரித்துப் பிடித்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். 108-ஐ அழைப்பதும் பாலம் கடந்து இராமநாதபுரம் மருத்துவமனைக்குப் போவதும் அதற்குப் பிறகுதான். கழுவும் 15 நிமிடம் கொட்டகையில்தான் நடந்தாக வேண்டும், வண்டியில் அது முடியாது. குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் தீவில், கண் கழுவுவதற்கென்று ஒரு டிரம் நிறையத் தண்ணீரை மூடி வைத்து, அதிலிருந்து வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் அப்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை மாற்றும் பொறுப்பு முறை வைத்து எல்லோருக்கும் வருகிறது.

உடையைப் பற்றிய விதியை என்னிடம் சொல்ல மேஸ்திரி சற்றுத் தயங்கினார். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். துப்பட்டாவும் முந்தானையும் கூடாது, பின்னலைச் சுருட்டித் துணிக்குள் கட்ட வேண்டும், வளையலைக் கழற்ற வேண்டும். ஆண்கள் கழுத்துத் துண்டையும் கைக்கயிற்றையும் கழற்ற வேண்டும், லுங்கிக்கு இடமில்லை. கிரைண்டருக்குக் கையோடு ஒட்டிய தோல் கையுறை உண்டு, ஆனால் நின்று துளைபோடும் டிரில்லில் கையுறையே கூடாது, ஏனென்றால் சுழலும் துளைப்பான் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து முறுக்கிவிடும். வெல்டிங்கில் நான் இன்னும் பார்வையாளர் நிலையில்தான் இருக்கிறேன். மண்ணெண்ணெய் இருந்த டேங்க் எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் அதன் மேல் தீ வைத்து வேலை செய்யக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இறுதிச் சோதனையாக, எங்கள் படகின் அடியிலிருந்த விரிசலை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க நான் தேய்த்து, மேட் வைத்து ஒட்டினேன். ஒட்டிய வேலையைவிட அவர் உன்னிப்பாகப் பார்த்தது, நான் கருவியைத் திருப்பி வைத்த விதத்தை. வீலைக் கழற்றி டப்பாவில் வைத்தல், கார்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்தல், வயரில் வெட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தல், பாட்டில்களை அவற்றின் அலமாரிக்குத் திருப்புதல், பதிவேட்டில் என்ன வேலை செய்தேன், என்ன குறை கண்டேன் என்று எழுதுதல் ஆகியவை முடிந்த பிறகே கையெழுத்துக் கிடைத்தது. குறை எழுதப்பட்ட கருவியில் சிவப்புத் துணி கட்டப்படும். சரிபார்த்தவர் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது.

ஒரு பகுதி மட்டும் இன்னும் சரியாகவில்லை. அவசர வேலைக்குப் படகுக்காரர்கள் கூலிக்கு அழைத்து வரும் வெளியூர் ஆட்கள் அனுமதி இல்லாமலே கருவியை எடுக்கிறார்கள். அனுமதி பெற்ற ஒருவர் உடனிருந்து, தம் பெயரில் பதிந்துகொண்டால் போதும் என்பது இப்போதைய ஏற்பாடு. அது போதாது என்பது என் கருத்து. உடனிருப்பவர் கடைத்தெருவுக்குப் போனால் கருவி மீண்டும் யார் கையில் இருந்தது என்று தெரியாத கருவியாகிவிடுகிறது. வெளியூர் ஆட்களும் குறைந்தபட்சம் கருவியைச் சோதித்துக் காட்டும் இரண்டாம் நிலையை முடித்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன் இதில் முடிவெடுப்பதாகப் பொறுப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.