ஜெயிச்சுத் தொலைச்சுட்டானே!

2025 ஏப்ரல் 13, அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் லீக் ஆட்டங்களின் கடைசி நாள். வாஷிங்டன் விசர்ட்ஸ் கையில் 17 வெற்றி, 64 தோல்வி. யூட்டா ஜாஸும் அதே 17-64. அன்று யார் தோற்கிறார்களோ அவர்களுக்குத்தான் கடைசி இடம். அந்தக் கடைசி இடத்துக்குத்தான் அடிதடி. ஜாஸ் பொறுப்பாகத் தோற்றுவிட்டது. விசர்ட்ஸ்? மயாமி ஹீட்டுக்கு எதிராக ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஒரு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில், அறிமுக வீரர் பப் கேரிங்டன் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டார். 119-118. கணக்குத் தெரியாத ரசிகர் கை தட்டினார். கணக்குத் தெரிந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

2025இல் இருந்த அந்தக் கணக்கு இதுதான். புதிய இளம் வீரர்களை வருடா வருடம் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்; முதல் தேர்வு யாருக்கோ, அவருக்கே சிறந்த பையன். பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான அடுத்த கட்டத்துக்கு, போகாத 14 அணிகளுக்கு இந்த வரிசையில் முன்னிடம் பிடிக்கக் குலுக்கல். சுழலும் பெட்டியில் 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகள். நான்கு பந்து எடுத்தால் 1001 விதமாக வரலாம். 11-12-13-14 வந்தால் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். மீதி ஆயிரத்தில் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140. அதாவது முதல் தேர்வு கிடைக்க மூவருக்குமே 14 சதவீதம்தான். 2019-க்கு முன்பு கடைசி அணிக்கு 25 சதவீதம் இருந்தது. வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்கத்தான் வெட்டினார்கள்.

“அப்புறம் கடைசியா வந்தா என்ன, கடைசிக்கு முந்தி வந்தா என்ன?” என்று தோற்பதை விரும்பாத கோஷ்டி கேட்கும். வித்தியாசம் அடித்தட்டில் இருக்கிறது. குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். மற்றதெல்லாம் தோல்வி வரிசைப்படி. எனவே கடைசி அணி எவ்வளவு சறுக்கினாலும் ஐந்துக்குக் கீழே போகாது. அதற்கு முந்தைய அணி ஆறுவரை சறுக்கலாம், அடுத்தது ஏழுவரை. மே மாதக் குலுக்கலில் ஜாஸுக்கும் விசர்ட்ஸுக்கும் முதல் நான்கில் ஒன்றுமே விழவில்லை. ஜாஸ் ஐந்து, விசர்ட்ஸ் ஆறு. கேரிங்டன் போட்ட பந்தின் விலை சரியாக ஒரு படி. அதற்கா அத்தனை ஒப்பாரி!

சரி, தோற்பது எப்படி? ஆடுகளத்தில் யாரும் தோற்க மாட்டார்கள். அடுத்த வருட ஒப்பந்தம் உறுதியில்லாத பையனுக்கு, தன் இடத்தைப் பிடிக்கப்போகும் புதுப்பையனை வரவழைக்க என்ன தலையெழுத்து? தோல்வி அலுவலகத்தில் தயாராகிறது. வீரர்களை மாற்றிக்கொள்ள வைத்த பிப்ரவரி கெடுவுக்குள் அனுபவசாலிகளை விற்றுவிடுவார்கள். மார்ச் வந்தால் நட்சத்திர வீரருக்கு இடுப்பில் ஏதோ பிடிப்பு, முதுகில் ஏதோ வலி. நான்காம் கால்பகுதியில் ஆட்டம் நெருக்கமானால் நன்றாக ஆடுகிறவர் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதையும் அளவோடு செய்ய வேண்டும். நட்சத்திர வீரர் லாரி மார்க்கனனை உட்கார வைத்த விவகாரத்தில் 2025 மார்ச்சில் ஜாஸுக்கு 1 லட்சம் டாலர் அபராதம். 2023 ஏப்ரலில் சிகாகோவுடனான ஆட்டத்தை வெளிப்படையாகவே கை கழுவிய டல்லாஸுக்கு 7.5 லட்சம்.

தோற்கலாம் என்கிற கோஷ்டிக்கும் கூடாது என்கிற கோஷ்டிக்கும் பிடித்த உதாரணம் ஒன்றே: டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2022-23இல் 17-65, லீக்கிலேயே கடைசி, கிடைத்தது ஐந்தாம் இடம். அந்த வருடம் எல்லோரும் குறிவைத்த வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். அடுத்த வருடம் தொடர்ந்து 28 தோல்வி, 14-68, மறுபடி கடைசி, மறுபடி ஐந்து. “பாத்தியா, ரெண்டு வருஷம் வீண்!” அதற்கடுத்த வருடமே 44-38. “பாத்தியா, பலன் வந்திருச்சு!” உண்மையில் அணியைத் தூக்கி நிறுத்திய கேட் கன்னிங்ஹாம் 2021 குலுக்கலில் வந்தவர். ஆனால் இந்த விவரத்தைச் சொன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கும்.

பிலடெல்பியா பேச்சை எடுத்தால் இரவு முடியாது. அணி நிர்வாகி சாம் ஹிங்கி காலத்தில் 19, 18, 10 என வெற்றிகளைக் குறைத்துக்கொண்டே போனார்கள். தோற்றதற்குப் பலனாக எம்பீட் வந்தார், சிம்மன்ஸ் வந்தார், பிளேஆஃபில் இரண்டாம் சுற்றைத் தாண்டியது மட்டும் இல்லை. மறுபக்கம் டென்வரின் பெரும் நட்சத்திரம் யோகிச் 41ஆவதாக எடுக்கப்பட்டவர். இதைச் சொல்கிறவர் அந்த இடத்தில் எடுத்த மற்றவர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்.

என் கட்சியைக் கேட்டால்: இளம் வீரர்களை ஆட விட்டுத் தோற்பது சரி; ஒரு படிக்காக அவர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பது வடிகட்டின முட்டாள்தனம். 2025இல் முதல் இடத்தைத் தட்டிச்சென்ற டல்லாஸின் வாய்ப்பு 1.8 சதவீதம்தான். அதுவும் தன் நட்சத்திர வீரர் டோன்சிச்சை விற்ற சூட்டோடு!

விதிவிலக்கு ஒன்று உண்டு: அடமானம் வைத்த தேர்வு, அதாவது வேறு அணிக்கு நிபந்தனையோடு முன்கூட்டியே எழுதிக்கொடுத்த தேர்வு. விசர்ட்ஸின் 2026 முதல் சுற்றுத் தேர்வு முதல் எட்டுக்குள் வந்தால் அவர்களுக்கு என்று இருந்தது. ஒன்பதானால் நியூயார்க் நிக்ஸுக்கு என்று இருந்தது. கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக முடித்தால் எட்டுக்குக் கீழே சறுக்க வழியே இல்லை. அப்போது பிடிக்க வேண்டியது கடைசி இடத்தை அல்ல, கடைசி நாலில் ஒன்றை. ஐந்தாவது கடைசி அணி எதுவோ, அது ஜெயிக்க வேண்டும் என்று தனியாக வேண்டிக்கொள்ள வேண்டும்.