நான்கு பக்கமும் ஒரு வரைபடமும்

கடைசியில் தந்தார்கள், நான்கு பக்கம். ஏ4 தாளில் நான்கு பக்கம் வரை காசு வாங்கக் கூடாது என்று தகவல் அறியும் உரிமை விதிகளில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, ஐந்தாவது பக்கம் என்று ஒன்று வரவே இல்லை. இந்த நான்கு பக்கத்துக்காகப் பத்தரமுல்லையில் இருக்கும் அரச அலுவலகத்துக்கு மட்டும் நான்கு தடவை போயிருக்கிறேன். மூன்று நாள் சம்பளம் போய்விட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்துக்குப் (கொழும்பில் நெருக்கமான குடியிருப்பை இப்படித்தான் சொல்வோம்) பின்னால் இருக்கும் காணியில் விமான எண்ணெய் டாங்கி வரப்போகிறது என்று கடையில் பேச்சு. அதற்கு முதல் வாரம்தான் யாரோ வந்து அளந்து, சிவப்பு வர்ணம் பூசிய கட்டைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை, வேலை இன்னும் முடியவில்லை. கொலன்னாவை எண்ணெய் டாங்கிகள் கண்ணுக்குத் தெரியும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஒக்டோபர் 20ஆம் தேதி அவை தாக்கப்பட்டு எரிந்தபோது அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். 2016 மே வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் மிதந்தது. அடுத்த வருடம் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து ஆட்களைப் புதைத்தது. கொழும்பில் யாருக்கும் வேண்டாத எதுவானாலும் எங்கள் பக்கத்தைத்தான் தேடி வருகிறது.

"அது பெட்ரோல் மாதிரித் தீப்பத்தாது தங்கச்சி" என்றார் கடைக்கார அண்ணன். பொய்யில்லை. ஜெட் ஏ-1 என்கிற அந்த விமான எண்ணெய் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய் ஜாதிதான். 38 பாகை செல்சியஸுக்குக் கீழே அதிலிருந்து பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழக் கூடாது என்பது தரவிதி. ஆனால் கொழும்பு வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சமைக்கிறவளிடம் 38 பாகை என்று சொல்லி ஆறுதல் தேடக் கூடாது. இங்கிலாந்தில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு எண்ணெய் கொடுத்துவந்த பன்ஸ்ஃபீல்ட் கிடங்கு 2005 டிசம்பரில் வெடித்ததற்குக் காரணம், ஒரு பெட்ரோல் டாங்கியில் அளவுகாட்டி சிக்கிக்கொண்டதுதான். நிரம்பியது தெரியாமல் எண்ணெய் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதனால் தகவல் கேட்கும் விண்ணப்பத்தில் மூன்றே மூன்று கேள்வி எழுதினேன். டாங்கியிலிருந்து கிட்டிய வீடு எத்தனை மீட்டர்? கசிந்தால் வெளியே போகாமல் டாங்கியைச் சுற்றிக் கட்டும் சுற்றுக்கட்டு எவ்வளவு எண்ணெயைத் தாங்கும், வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? நிரம்பி வழிவதைத் தடுக்க என்ன ஏற்பாடு?

முதல் பயணம் சுத்த வீண். கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் விண்ணப்பிக்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருக்கிறது. இன்று சொல்கிறேன், அன்று வாய் வரவில்லை. "பக்கத்தில்தான் இருக்கிறோம் சேர்" என்றேன். உடனே அடுத்த கேள்வி: "காணி உறுதி இருக்கா?" எங்கள் தோட்டத்தில் யாரிடம் உறுதி இருக்கிறது? பேசாமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை தகவல் அலுவலர் லீவு. மேசையிலிருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். "தமிழில் வாசிக்க இங்கே ஆள் இல்லை நங்கி, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்களேன்." இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். வாசலில் இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு போன் போட்டு, அவள் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு 177 பஸ் பிடித்து வந்தேன். ஏற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து மூன்றாவது தடவை போனால், "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்கிறார்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள். அந்த 14 எப்போது தொடங்கியது என்று காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை.

ஆகவே போகிறவர்கள் கேளுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் சீல் குத்தித் திகதி போடும் வரை நகராதீர்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சின்னப் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேட்கவும் உரிமை இருக்கிறது.

இரண்டாம் விண்ணப்பம் பதிவுத் தபாலில், தமிழில் போனது. பதில் சிங்களத்தில் வந்தது: வர்த்தக இரகசியமாம், தர முடியாதாம். போதாததற்கு, இது ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனைதான், மக்கள் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்றும் ஒரு வரி. அதில் பாதி சரி. 30 நாள் கருத்துச் சொல்லும் வாய்ப்பு பெரிய அறிக்கைக்கு, அதாவது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குத்தான். ஆனால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடல் சட்டப்படி ஆரம்ப அறிக்கையும் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். அந்த மறுபாதியை எழுதி, 14 நாளுக்குள் மேன்முறையீடு போட்டேன். இந்த முறை நேரில் போய், ஊதா சீல் மை காயும் வரை ஊதிக்கொண்டே நின்றேன். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டார்.

அப்புறம் வந்ததுதான் இந்த நான்கு பக்கம். சுற்றுக்கட்டுக் கணக்கு இருக்கிறது. வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்காவது பக்கம் வரைபடம். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நானும் (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம்) அதை அரிசி வாளி மூடியில் விரித்து வைத்துத் தேடினோம். கால்வாய் இருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மாடிக் குடியிருப்பு இருக்கிறது, "கிட்டிய வீடு" என்று அம்புக்குறி போட்டு அளந்தது அதைத்தான். பள்ளிவாசல்கூட இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் சிவப்புக் கட்டைக்கும் நடுவில் நாங்கள் நாற்பத்தொரு வீடு. அந்த இடத்தில் சாய்கோடு போட்டு "சதுப்பு நிலம்" என்று எழுதியிருந்தார்கள். தாத்தா விரலை வைத்து, "இந்தா என் கக்கூஸ் சுவர்" என்றார். விரலுக்கும் டாங்கி வட்டத்துக்கும் இடையில் ஒரு நகம் அளவுகூட இல்லை.

மூன்று கேள்வியும் அன்றே எனக்குச் சின்னதாகிவிட்டது. வீடே இல்லை என்றால் தூரத்தை எங்கே அளப்பது? ஆட்சேபனை சொல்லப் போனாலும் சதுப்பு நிலம் வந்து பேசுகிறது என்பார்கள்.

இப்போது அதைத்தான் திருத்தக் கேட்டிருக்கிறோம். கிராம உத்தியோகத்தர் கேட்ட அன்றே வதிவிடச் சான்றிதழ் தந்தார், அவருக்கு நன்றி. மின்சார பில்லில் வீட்டு இலக்கம் தெளிவாக இருக்கும் மாதத்தைப் பார்த்துப் போட்டோ கொப்பி எடுங்கள், பழைய பில் வெளுத்துப் போய் இலக்கம் விழாது. வாக்காளர் இடாப்புப் பிரதியும் வையுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது மட்டும் எல்லாருக்கும் எங்கள் வீடு தெரிகிறது.

நாற்பது வீட்டுக்குப் பில் சேர்ந்தது. முடுக்குக் கடைசி வீட்டுக்கு மட்டும் சொந்த மீட்டர் இல்லை, முன் வீட்டிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். அங்கே ஏழு மாதப் பிள்ளை இருக்கிறது. தடுப்பூசி போடும் கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் பக்கத்தில் மிட்வைஃப் மிஸ் நீல மையில் முழு விலாசமும் எழுதியிருந்தார், முடுக்கு இலக்கம் முதற்கொண்டு. அதையும் சேர்த்துக் கட்டி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.