நீல மாடு திரும்பி வந்த கதை

"மாட்டுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று வாங்கியவர் செய்தி அனுப்பியிருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. கூடவே வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. 24×36 அங்குலத்தில் நான் பதினோரு நாள் வரைந்த நீல மாட்டின் முகத்தில், நெற்றிச் சுழியிலிருந்து மூக்கு வரை வரிசை தப்பாமல் வட்ட வட்டமாகத் தழும்புகள். பபிள் ராப்பின் குமிழ்கள் அப்படியே பதிந்திருந்தன.

அந்தப் படம் போன வாரம்தான் கடைசியாக வீட்டை விட்டுப் போனது. நடுவில் ஒன்பது மாதம். இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரைவது ஆக்ரிலிக் பெயிண்டில். அது அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். காய்ந்தது மேல்தோல் மட்டும். கத்தியால் தடிமனாக அப்பிய இடங்கள் உள்வரை இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். போதாததற்கு ஆக்ரிலிக் ஒரு வகை பிளாஸ்டிக். வெயிலில் இளகும், இளகிய நேரத்தில் எது அழுத்தினாலும் ஒட்டிக்கொள்ளும். நானோ வார்னிஷ் அடித்த மூன்றாம் நாளே, வாங்கியவர் அவசரப்படுத்துகிறார் என்று, குமிழ்கள் படத்தின் முகத்தைப் பார்க்கும்படி பபிள் ராப்பைச் சுற்றி அனுப்பிவிட்டேன். வண்டியில் மூன்று நாள் வெயில். வேறென்ன ஆகும்?

இப்போது வார்னிஷ் அடித்து இரண்டு வாரம் தாண்டாமல் எதையும் கட்டுவதில்லை. படத்தின் மேல் முதலில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் சிலிகான் பூச்சுத் தாள். அதன் மேல் கேன்வாஸின் நடுப்பகுதியைத் தொடாதபடி, நான்கு மூலையில் மட்டும் முட்டுக் கொடுத்த ஓர் அட்டை. பபிள் ராப் அதற்கும் மேலேதான், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் பார்த்து. இதில் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுக்கிறேன். ஏன் போட்டோ என்பதற்குத்தான் அடுத்த கதை.

பெட்டி திரும்பி வந்ததும் கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, கேன்வாஸ் சட்டத்தின் மூலையும் விலகியிருந்தது. தழும்பு என் பாவம், மூலை அவர்கள் பாவம், பாதியாவது கிடைக்கும் என்பது என் கணக்கு. கவுன்ட்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விலைக்கு என்ன ஆதாரம் மேடம்?"

நான் வரைந்த படம், நான் வைத்த விலை, இதற்கு என்ன ஆதாரம்? பில் கேட்டார். நான் பில்லே போட்டதில்லை. பேசி முடித்தோம், அவர் பணம் அனுப்பினார், நான் படம் அனுப்பினேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, பணம் வந்த விவரத்தையும் பேசிய செய்திகளையும் அச்செடுத்து மறுபடி போனேன். "பெட்டி எங்க மேடம்?" என்றார். பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. பெட்டி இருந்தால்தான் சேதம் வெளியிலிருந்து வந்ததா என்று பார்ப்பார்களாம். கட்டும்போது எடுத்த போட்டோவும் வேண்டுமாம். மூன்றாம் முறை போனபோது முடிவு எடுக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். நான்காம் முறை அவர் இருந்தார், நான் கையெழுத்துப் போட்ட ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு எழுத்தில் ஒரு வரி: கலைப்பொருட்களுக்கு இழப்பீடு இல்லை, தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் தவிர. அதற்கு மேல், மதிப்பு என்ற கட்டத்தில் கட்டணம் கூடிவிடுமே என்று நானே மிகக் குறைவாக ஒரு தொகை எழுதியிருந்தேன். என் கையெழுத்து, என் எண்கள். வாயடைத்துப் போனேன். அனுப்பிய கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நான் ரசீதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்று வகுப்பு எடுக்கிற ஆள் நான்!

படத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கச் சுவரில் சாத்தி வைத்தேன். அலைச்சலிலும் எரிச்சலிலும் அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, சரி, தழும்பையாவது எடுப்போம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளை, நான் அடித்திருந்தது கரைத்து எடுக்கக்கூடிய வார்னிஷ். வார்னிஷைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட் என்ற திரவத்தில் நனைத்த துணியால் சிறிது சிறிதாகத் துடைத்தபோது முக்கால்வாசித் தழும்பு வார்னிஷோடு போய்விட்டது. அந்தச் சாயங்காலம் பெரிய சந்தோஷம். மூக்குப் பக்கம் மட்டும் பெயிண்டிலேயே இறங்கியிருந்தது, அதை மறுபடி வரைய வேண்டும். (தடிமனான வார்னிஷ் அடிப்பவர்கள் டப்பாவில் 'நீக்கக்கூடியது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் என் மாடு குப்பைக்குத்தான் போயிருக்கும்.)

சந்தோஷம் மறுநாள் காலைவரை நீடித்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த பேப்பர் டேப்பை உரித்தேன். டேப்புக்கு அடியில் காதுமடலின் உட்புறம் பளீரென்ற ரோஜா நிறம். டேப்புக்கு வெளியே அதே காது, அதே பெயிண்ட், வெளுத்த வாழைப்பூ மாதிரி இருந்தது. ஐந்து மாத ஜன்னல் வெளிச்சம் செய்த வேலை.

அந்தப் பளீர் ரோஜாவை நான் ஆசையாக எல்லா மாட்டுக்கும் போட்டு வந்தேன். மூக்கு ஓரம், காதுக்குள், கண்ணின் உள்மூலை, எல்லாம் அதுதான். கடைக்காரர் 'ஓபரா' என்பார். டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் இரண்டு நிறமிக் குறிகள் இருந்தன: பி.ஆர்.122 (PR122), பி.வி.10 (BV10). முதலாவது குயினாக்ரிடோன் என்ற நிறமி, வெளிச்சத்தைத் தாங்கும் நல்ல உழைப்பாளி. இரண்டாவது ரோடமின் என்ற ஒளிரும் சாயம், பளபளப்பு முழுக்க அதனுடையதுதான். வெளிச்சம் பட்டால் முதலில் ஓடிப்போவதும் அதுவே. நல்ல டியூப்களில் ஒளி தாங்கும் திறன் அச்சிட்டிருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் அளவில் 1 அல்லது 2 இருந்தால் விற்கும் படத்துக்குப் போடலாம், 3 அல்லது அதற்கு மேல் என்றால் விளையாட்டுக்குத்தான். பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் படியுங்கள். இப்போது பி.ஆர்.122-ஐத் தனியாக வாங்கி வெள்ளை கலக்கிப் போடுகிறேன். அந்தப் பளீர் வரவில்லை என்பது உண்மை. பக்கத்தில் கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல் வைத்தால் கண்ணுக்கு வந்த மாதிரி இருக்கிறது. புதிதாக எந்தக் கலர் வாங்கினாலும் ஒரு பட்டை தீற்றி, பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, மூன்று மாதம் ஜன்னலில் ஒட்டிவிடுகிறேன்.

ஏற்கெனவே விற்ற மாடுகள்? பட்டியல் எடுத்துப் பார்த்தேன், ஏழு. ஏழு பேருக்கும் எழுதினேன். இருவர் பதிலே போடவில்லை. நால்வர் "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். ஒருவர் படத்தைத் திருப்பி அனுப்பினார், சரிசெய்து கொடுத்தேன். அந்த ஏழு செய்திகளை எழுதிய இரவு கூரியர்காரர்களிடம் அலைந்தபோது உணர்ந்ததை விடக் கேவலமாக உணர்ந்தேன்.

நடுவில் ஒரு ஷோரூம் படலமும் உண்டு. விற்றுத் தருகிறோம், விற்றால் பாதி உங்களுக்குப் பாதி எங்களுக்கு என்றார்கள். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதக் கமிஷன் இந்தத் தொழிலில் சாதாரணம், அதில் எனக்குக் குறையில்லை. மூன்று மாடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதி வாங்கவில்லை. அங்கிருந்த மேலாளர் கலரைப் பார்த்துவிட்டு, "மாடு எங்கேயாவது நீலமா இருக்குமா?" என்று சிரித்தார். எனக்கு இது பழகிய கேள்வி. ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911-லேயே மஞ்சள் மாட்டைத் துள்ள விட்டுவிட்டார், இன்றைக்கும் அது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1966-ல் மஞ்சள் தாளில் ரோஜா நிற மாட்டுத் தலைகளாக ஒரு கேலரிச் சுவர் முழுக்க ஒட்டினார் என்று சொல்வேன். மார்க்கின் கணக்கில் நீலம் ஆண் தன்மை, மஞ்சள் பெண் தன்மை. நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறார். அதன்படி பார்த்தால் என் நீலப் பசு காளையாகிவிடும், அதை மேலாளரிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனால் மேலாளரே மாறியிருந்தார். "எந்தப் படம்? உங்களுதுன்னு என்ன ஆதாரம்?" மறுபடி அதே சொல். ஆனால் இந்தத் தடவை கூரியர் அடி வாங்கியிருந்தேனே. கொடுக்கும் முன்பே மூன்று கேன்வாஸின் முதுகிலும் பெயர், தேதி, வரிசை எண், அளவு எழுதிப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். சுவரில் தொங்கிய மாட்டைக் கழற்றித் திருப்பச் சொன்னேன். எண் இருந்தது, போனிலும் இருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! ஒன்று விற்றுப்போயிருந்ததையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். பணம் வர மேலும் ஏழு வாரம். மீதி இரண்டையும் அன்றே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது கொடுத்த தேதி, விலை, கமிஷன், எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் படத்தைக் கீழே வைப்பதில்லை.

ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். இணையத்திலிருந்து அழகான மாட்டுப் போட்டோவை அனுப்பி "இதே மாதிரி" என்று கேட்பார்கள். எடுத்தவரின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். கலரை மாற்றிவிட்டால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வார்ஹால் ஒரு பாடகரின் போட்டோவை ஆரஞ்சாக்கிய படத்தை அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த வழக்கில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோ எடுத்தவர் பக்கம்தான் நின்றது. வார்ஹாலுக்கே அந்தக் கதி. அதனால் மாட்டை நானே போய் எடுக்கிறேன். மொபைலைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பூசணிக்காயாகவும் கண் பட்டாணியாகவும் விழும். நான்கைந்து அடி தள்ளி நின்று, ஜூம் போட்டு, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் சொல்லி வரைந்த படத்தின் பதிப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, சில இடங்களில் காசு கொடுத்தவருக்கே போய்விடும். பிரிண்ட் போடும் உரிமை எனக்கு என்று ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

பிரிண்ட் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு அழுகை. திரையில் ஜொலித்த மாடு அச்சில் தூசி படிந்த மாதிரி வந்தது. நான்கு மை கலக்கும் அச்சுக்குத் திரையில் தெரியும் சில நீலங்களும் ரோஜாக்களும் எட்டவே எட்டாது. ஐம்பது பிரதிக்குச் சொல்லும் முன் ஒரே ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள், நான் கேட்கவில்லை. 24×36 அங்குலத்தை 300 டி.பி.ஐ.-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அடிக்க 7200×10800 பிக்சல் வேண்டும், மொபைல் போட்டோவை இழுத்து நீட்டினால் வராது.

வரைவதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அதில் சொல்லப் பெரிதாக இல்லை. வெளிச்சமும் நிழலும் சரியாக இருந்தால் மாடு எந்தக் கலரையும் தாங்கும். படத்தைப் போட்டோ எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அப்போதும் மாடாகத் தெரிந்தால் நீலமோ பச்சையோ தைரியமாகப் போடலாம். உருவத்தில் தப்பினால்தான் மன்னிப்பில்லை. ஆரம்பத்தில் மாடு வளர்க்கும் ஒரு பெரியவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, காதைக் கொண்டுபோய்க் கொம்புக்கு மேல வெச்சிருக்க, ஆடா இது?" என்றார். காது கொம்புக்குக் கீழே, சற்றுப் பின்னால். கண்ணின் பாவை படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும், மனிதக் கண்போல வட்டமாகப் போட்டால் மாடு முறைக்கும். அன்றிலிருந்து காதுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

நீல மாட்டுக்கு வருவோம். மூக்கை மறுபடி வரைந்து, ரோஜா நிறத்தை எல்லா இடத்திலும் மாற்றி, மூலையை இறுக்கி, புது வார்னிஷ் அடித்து மூன்று வாரம் காயவிட்டேன். முதலில் வாங்கியவருக்கு எப்போதோ பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். இந்த முறை கேட்டவர் பதினெட்டு மாடு வைத்திருப்பவர். பழைய கதை முழுக்கச் சொன்னேன், கொஞ்சம் விலை குறைத்தேன். பில் போட்டேன். மதிப்புக் கட்டத்தில் முழுத் தொகையை எழுதிக் காப்பீடும் எடுத்தேன். கட்டும்போது பதினாறு போட்டோ.

நான்காம் நாள் அவர் போன் செய்தார். பேச ஆரம்பிப்பதற்குள் எனக்குக் கை நடுங்கியது. "பெட்டியைப் பத்திரமா வைக்கச் சொன்னீங்களே, வெச்சிருக்கேன்மா. படம் நல்லா வந்திருக்கு. கலர்தான் கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா காது ரொம்பச் சரி" என்றார். அப்புறம், அவர் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்றை மஞ்சளில் வரைந்து தர முடியுமா என்று கேட்டார். நேரில் வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆர்டர் தாளை அன்று மாலையே அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு நேற்று திரும்பி வந்தது, முன்பணமும்.