லொட்சென்தாலின் முகமூடிகள்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ரோன் நதிக்கு வடக்கே, செங்குத்தான மலைகளுக்கு நடுவே லொட்சென்தால் பள்ளத்தாக்கு ஒளிந்து கிடக்கிறது. 1913-இல் லொட்ச்பெர்க் ரயில் சுரங்கம் திறக்கப்படும்வரை வெளியுலகத்தோடு அதற்கு இருந்த தொடர்பு மிகக் குறைவு. லாங் பனியாற்றில் பிறக்கும் லொன்சா ஆற்றை ஒட்டி ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என நான்கு ஊர்கள். தலைக்கு மேலே 3,934 மீட்டர் உயரமுள்ள பீச்ஹோர்ன் சிகரம். வெயில் பட்டுப் பட்டுக் கருத்த மர வீடுகள்.

பிப்ரவரி 2-ஆம் தேதிக்குப் பிறகு, தவக்காலம் தொடங்கும்வரை, இவ்வூர்த் தெருக்களில் 'செக்கெத்தா' என்னும் உருவங்கள் அலைகின்றன. மலைப் பைன் மரத்தில் குடைந்த கோணல்வாய் முகமூடி, முன்னும் பின்னும் தொங்கும் ஆட்டுத்தோல், இடுப்பில் கனத்த மாட்டுமணி. எதிர்ப்பட்டவர் முகத்தில் பனியை அள்ளித் தேய்ப்பது இவற்றின் வழக்கம். ஒரு காலத்தில் மணமாகாத இளைஞர்களுக்கு மட்டுமே இவ்வேடம் உரியதாக இருந்தது. ஆற்றின் நிழற்கரைக் காட்டில் வாழ்ந்த திருடர்கள் தோல் போர்த்து, முகம் மறைத்து, இரவில் வெயிற்கரை ஊர்களைச் சூறையாடினார்கள் என்றும், அவர்களின் நினைவே இவ்வேடம் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பனிச்சரிவுக்கு அஞ்சியே குளிர்காலத்தைக் கழிக்கும் மக்களுக்கு, அச்சத்தைத் தாங்களே அணிந்து பார்க்கும் சில வாரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

பள்ளத்தாக்கின் தலைமாட்டிலுள்ள கணவாயைத் தாண்டினால் அலெட்ச் பனியாறு. பாவம் தீராத ஆன்மாக்கள் அதன் பனிக்குள் உறைந்து தவம் கிடப்பதாக வாலே மக்கள் சொல்லி வந்தார்கள். இரவில் நூல் நூற்ற ஏழைக் கிழவி ஒருத்தி அவற்றுக்காகப் பிரார்த்தித்து, குளிர்காயக் கதவைத் திறந்து வைப்பாளாம். அவள் இறந்த இரவில், வீட்டிலிருந்து பனியாறுவரை விளக்கொளிகள் வரிசையாகச் சென்றனவாம். நான் கேட்ட பேய்க்கதைகளில் இத்தனை கருணையுள்ளது வேறொன்று இல்லை.

2025 மே 28 அன்று, பிளாட்டனுக்கு மேலிருந்த பிர்ச் பனியாறு, தன்மேல் விழுந்து குவிந்த பாறைகளின் சுமை தாளாமல் இடிந்து, அவ்வூரின் பெரும்பகுதியை மூடியது. ஏறத்தாழ 300 பேரும் மே 19 அன்றே வெளியேற்றப்பட்டிருந்ததால் பேரிழப்பு தவிர்ந்தது. ஆயினும் ஒருவர் உயிரிழந்தார். இடிபாடு லொன்சாவை மறித்ததில் அங்கே ஏரியொன்று எழுந்தது. எஞ்சி நின்ற வீடுகளில் பலவற்றையும் அந்த நீர் மூழ்கடித்தது.